யாருடைய கத்தி, யாருடைய கை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் ஒரு மடக்குக் கத்தியின் கேள்வி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை வந்தது. 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் பாரத்பென்ஸ், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர்களை இன்று உலகத்தின் பல துறைமுகங்களில் சரக்குச் சீட்டுகளில் எழுதுகிறார்கள்.

இந்த ஆலைகள் செய்யும் பொருள்கள் வெவ்வேறு. ஆனால் உதிரிபாகங்களில் பல உள்ளே வரும் விதம் ஒன்றுதான்: அட்டைப்பெட்டிக்குள், டேப் ஒட்டி, பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றி, ஸ்ட்ராப் போட்டு இறுக்கி, மரப் பேலட்டின் மேல். லைனில் ரோபோ வெல்டிங் செய்தாலும், பெட்டியைப் பிரிப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். ஸ்டோர்ஸில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி, லாரியிலிருந்து இறக்கும் லோடுமேன், தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கும் கிளீனர், பேனல் போர்டு முன் நிற்கும் எலெக்ட்ரீஷியன் என்று அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு வெட்டுக்கருவி தேவைப்படுகிறது. பலர் சொந்தக் காசில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

அது எப்படிப்பட்ட கத்தியாக இருக்க வேண்டும், எங்கே வரை கொண்டுபோகலாம், அதைத் தரவேண்டியவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் விடை தவறிவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய, பூட்டுள்ள மடக்குக் கத்தி நல்ல கருவி; ஆனால் அதன் இடம் ஆலையின் கேட்டுக்கு வெளியே. கேட்டுக்கு உள்ளே தொழிலாளி எதைக் கொண்டு வெட்டுகிறார் என்பதற்கு ஆலைதான் பொறுப்பு.

மடக்குக் கத்தி வந்த வழி

மடங்கும் கத்தி நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடிக் காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் சிறு கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிவிடும். ஓலையை வாரி நறுக்கக் கத்தி, எழுத ஆணி. எழுதுகிறவர் இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். ஒரு வேலைக்கு வேண்டிய அளவே இரும்பு, அந்த வேலை முடிந்ததும் கூர்முனை உள்ளே போய்விட வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இறகுப் பேனாவைச் சீவுகிற பேனாக்கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்தது. பிறகு பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும் வீட்டில் பழம் நறுக்கவும் அதே கத்தி பயன்பட்டது.

ஐரோப்பாவிலும் இது உழைப்பவர்களின் கருவியாகத்தான் வளர்ந்தது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890-இல் மரப்பிடி வைத்த எளிய கத்தியை உருவாக்கினார். திறந்த அலகு தானாக மடங்காதபடி கழுத்தில் திருகும் வளையம் 1955-இல் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891-இல் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுத்தார். விக்டோரினாக்ஸ் என்று இன்று நாம் அறியும் பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டுமே உழவருக்கும் சிப்பாய்க்கும் ரொட்டி அறுக்கவும், கயிறு வெட்டவும், டப்பா திறக்கவும் பிறந்தவை.

ஆலைத் தொழிலாளியின் கையில் இன்று மிக அதிகம் இருப்பது மூன்றாவது ஒரு வகை: தள்ளினால் அலகு நீளும், மழுங்கினால் முனையை முறித்துப் போடும் கட்டர். அதை உருவாக்கியவர் ஒசாகாவில் அச்சகத் தொழிலில் இருந்த யோஷியோ ஒகாடா, ஆண்டு 1956. செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடியின் புதுவிளிம்பால் தோலை வெட்டுவதையும், சாக்லேட் கட்டி கோடு கோடாக உடைவதையும் பார்த்து, இரண்டையும் சேர்த்து யோசித்தார். கூர் போனால் சாணை தேடாமல் ஒரு துண்டை முறித்தால் போதும். வேலை வேகமானது. முறித்த துண்டு எங்கே போய் விழுகிறது என்ற சிக்கலும் அன்றே தொடங்கியது.

இதே மடக்கு உத்தி ஆயுதமாக மாறியதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் செய்யும் ராம்பூரி சாக்கு, நீண்ட அலகும் கட்டை விரலில் திறக்கும் பொறியும் கொண்டது. இந்திப் படங்கள் அதை வில்லனின் கையில் கொடுத்துப் பெயர் பரப்பின. 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு வைத்துச் செய்வதை அந்த மாநில அரசு தடுத்தது, தொழில் நலிந்தது. கைவினைஞரின் திறமையில் குறையில்லை. அலகின் நீளமும் திறக்கும் வேகமும் வேலைக்குத் தேவையானதைத் தாண்டியபோது சட்டம் வந்து நின்றது.

என்ன வெட்டுகிறோம்?

கத்தி வாங்கப் போகிறவர் கடைக்குப் போகுமுன், எதை வெட்டப் போகிறோம் என்று பட்டியல் போட வேண்டும். போட்டுப் பார்த்தால், பாதி வேலைக்குக் கத்தியே தேவையில்லை என்று தெரியும்.

அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றடுக்கு அட்டையின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். ஐந்தடுக்கு என்றால் 6, 7 மில்லிமீட்டர். டேப் இதைவிட மெல்லிது. ஆகவே பெட்டி திறக்க ஒரு சென்டிமீட்டர் அலகு வெளியே இருந்தால் போதும். எட்டு சென்டிமீட்டர் அலகை நீட்டிக்கொண்டு அறுத்தால், மீதி ஏழும் உள்ளே இருக்கும் பொருளையோ, பெட்டியைப் பிடித்திருக்கும் இடது கையையோ தேடிப்போகும். உள்ளே இருப்பது பெயின்ட் அடித்த பம்பர் என்றால் ஒரு கீறலில் பாகம் ரிஜெக்ட். லித்தியம் பேட்டரி என்றால் இன்னும் மோசம்: முனை உறையைக் குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். கைப்பேசி ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரில் இதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இரும்பு ஸ்ட்ராப்பைக் கத்தியால் தொடவே கூடாது. இறுகக் கட்டிய ஸ்ட்ராப் அறுந்ததும் முறுக்குடன் துள்ளி முகத்தில் அடிக்கும். அதற்கென்று ஸ்ட்ராப் கட்டர் இருக்கிறது. அதையும் கண்ணாடி அணிந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுதான் பயன்படுத்த வேண்டும். கேபிள் டைக்கு நிப்பர், வயர் உரிக்க ஸ்ட்ரிப்பர். வயரைக் கத்தியால் உரித்தால் செப்பு இழைகளில் சில அறுபட்டு, அந்த இடம் சூடாகும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மீதி இருப்பவை: நைலான் கயிறு, சாக்கு, ஸ்ட்ரெச் ஃபிலிம், தார்ப்பாய்த் துண்டு, மதிய உணவுக்குப் பின் ஒரு கொய்யா. மடக்குக் கத்திக்கு உரிய வேலை இவ்வளவுதான். இவை எதற்கும் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் அலகு வேண்டாம்.

பட்டறைகளில் இன்னொரு கத்தியும் உண்டு. ஒடிந்த ஹேக்ஸா பிளேடைக் கிரைண்டரில் தீட்டி, அடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிப் பிடியாக்கிக்கொள்வார்கள். காசு செலவில்லை, கூரும் நிற்கும். ஆனால் அந்தப் பிளேடு கண்ணாடிக்கு ஒத்த கடினம். பக்கவாட்டில் நெம்பினால் சட்டென்று முறியும். பிடிக்கும் அலகுக்கும் இடையே தடுப்பும் இல்லை, வியர்த்த கை வழுக்கினால் நேரே கூர்விளிம்பின் மேல் போகும். மடங்காததால் பையில் போட வழியும் கிடையாது. கைவேலைத் திறமையைப் பாராட்டலாம். அந்தக் கத்தியைப் பரிந்துரைக்க முடியாது.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் பூட்டு. மடக்குக் கத்தியால் வரும் பெரிய காயம், குத்தும்போதோ நெம்பும்போதோ அலகு திரும்பி விரல்மேல் மடங்குவது. வெறும் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் கத்தி பழத்துக்கும் கடிதத்துக்கும் போதும். கயிற்றோடு மல்லுக்கட்டப் போதாது. ஒபினெல் போன்ற திருகு வளையம், பிடியின் முதுகில் அழுத்தும் பூட்டு, உள்தகடு பக்கவாட்டில் வந்து தாங்கும் லைனர் பூட்டு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கத்தியைத் திறந்து, விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடியின் இரு பக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து அலகை இடவலமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் நாளாக ஆகக் கூடும், குறையாது. மடக்கியபின் அலகு பிடியின் நடுவே உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் உரசுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியாக ஒரு பழைய பில் தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே இழுங்கள். கிழியாமல் அறுபட்டால் கூர் சரி.

இரும்பு அடுத்தது. இங்கே வெயிலும் வியர்வையும் மழைக்கால ஈரமும் அதிகம். கரிமம் மிகுந்த எஃகு சுலபமாகத் தீட்டும்படி இருக்கும், கூரும் நன்றாக நிற்கும்; ஆனால் கொய்யாச்சாறு பட்டுத் துடைக்காமல் விட்டால் மறுநாளே கறுக்கும். தினமும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறவருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் நல்லது. விக்டோரினாக்ஸ் அலகு ராக்வெல் அளவுகோலில் சுமார் 56 கடினம். சாதாரணக் கல்லில் வீட்டிலேயே தீட்டிவிடலாம். பிரஸ் ஷாப்பில் டை செய்யும் டி2 எஃகிலும் இப்போது மடக்குக் கத்திகள் வருகின்றன. டை செய்யும் ஒரகடத்துத் தொழிலாளிக்கு அதன் குணம் தெரியும்: 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் துருப்பிடிக்கும், ஏனென்றால் அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதி கார்பைடாகக் கட்டுண்டு கிடக்கிறது. கூர் நெடுநாள் நிற்கும்; மழுங்கிவிட்டால் மீண்டும் ஏற்றுவது கடினம். நம் கொல்லர்கள் லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து அரிவாள் செய்வதும் இரும்பின் குணம் அறிந்துதான். ஓங்கி வெட்டுகிற கருவிக்கு முறியாத வளைவு வேண்டும், சீவுகிற கருவிக்குக் கடினம் வேண்டும்.

அட்டைப்பெட்டி கத்தியின் கூர்மையை வேகமாகத் தின்னும். மறுசுழற்சிக் காகிதத்தில் களிமண்ணும் நுண்மணலும் கலந்திருப்பதே காரணம். மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. மழுங்கியதை அழுத்தி அறுக்கிறோம்; அழுத்தம் கூடும்போது கட்டுப்பாடு போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைத்தவற்றையே ஆயுதம் என்கிறது. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் மட்டும் ஆனவற்றை வெளிப்படையாக விலக்குகிறது. ஆயுத விதிகளின் அட்டவணை 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைக் குறிப்பிடுகிறது; அதிலும் வீட்டு, உழவு, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கு ஆனவை நீங்கலாக. சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அறிவிக்கை செய்த ஆயுதங்களுக்கு உரிமம் கேட்கலாம் என்கிறது. டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை இதற்குப் பேர்பெற்றது: பட்டனிலோ ஸ்பிரிங்கிலோ திறக்கும், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ள கத்திகளை அது குறித்தது. அந்த அறிவிக்கையின்கீழ் வந்த ஒரு வழக்கில், கத்தியைத் தயாரிப்புக்கோ விற்பனைக்கோ வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டே இல்லை என்பதால், 2024-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும், காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய மடக்குக் கத்திக்கு அதே 3 அங்குலத்தைத்தான் எல்லையாக வைக்கிறது. ஆனால் அங்கே பூட்டுள்ள கத்திக்கு அந்தச் சலுகை இல்லை என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துவிட்டன. கைக்குப் பாதுகாப்பான பூட்டே அங்கே சட்டத்தின் சந்தேகத்துக்கு ஆளாகிறது. லண்டனிலோ மான்செஸ்டரிலோ உள்ள உறவினருக்கு இங்கிருந்து கத்தி பரிசளிக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். விமானத்தில் எந்த அளவானாலும் கைப்பையில் வேண்டாம். செக்-இன் பெட்டிக்குள் போட வேண்டும்.

அளவைவிடப் பெரியது நோக்கம். பட்டனைத் தட்டினால் பாயும் கத்தியை வாங்காதீர்கள். கயிறு வெட்ட அந்த வேகம் தேவையில்லை, போலீஸ்காரர் கேட்டால் சொல்லவும் பதில் இருக்காது. இரவு ஷிஃப்ட் முடிந்து தனியே நடக்கும்போது துணையாக இருக்கும் என்று கத்தி வைத்துக்கொள்வோர் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அந்தத் துணை பொய். நெருங்கிவந்தவன் பலசாலியாக இருந்தால் கத்தி அவன் கைக்குப் போகும். வாய்ச்சண்டையில் எடுத்து நீட்டி ஒரு கீறல் விழுந்தாலும், ஆபத்தான கருவியால் காயப்படுத்தியது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவுக்குப் போய்விடும். மூன்று ஆண்டு வரை சிறை. இரவுப் பாதுகாப்புக்குத் தெருவிளக்கும், விடுதி வாசல் வரை வரும் கம்பெனி பஸ்ஸும், பெண்களுக்கு 181 உதவி எண்ணும்தான் வழி. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு சிறு வெட்டின் பின்கதை

கத்தி வலது கையில் இருந்தால் காயம் பெரும்பாலும் இடது கையில். சுட்டுவிரலும் கட்டைவிரல் அடியும் முதலில் படும். வெளியே ஒரு சென்டிமீட்டர் வெட்டுதான் தெரியும். உள்ளே விரலை மடக்கும் தசைநார் அறுந்திருக்கலாம். நுனி மடங்கவில்லை, அல்லது ஒரு பக்கம் மரத்துவிட்டது என்றால் பேண்டேஜ் ஒட்டி அனுப்பக் கூடாது. அன்றே கை அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். நாள் கடந்தால் நார் சுருங்கிப் பின்வாங்கிவிடும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். காப்பித்தூளும் மஞ்சளும் வைக்காதீர்கள். துருவால் டெட்டனஸ் வருவதில்லை. மண்ணில் இருக்கும் கிருமி வெட்டுவழி உள்ளே போவதால் வருகிறது. பளபளக்கும் கத்தி கிழித்தாலும் ஊசி நிலவரத்தைக் கேட்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள், கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்பார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் பழக்கம் பொன்னானது. லைனில் கட்டரைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் இளைஞர்களுக்கு இதை மறுபடி சொல்லித்தரலாம். தன் உடலிலிருந்து விலக்கி வெட்டுவது, இடது கையை வெட்டும் பாதைக்கு வெளியே வைப்பது, வேலை முடிந்த நொடியே மடக்குவது ஆகிய மூன்றும் உடம்பில் ஊறிவிட்டால் பாதி விபத்து நின்றுவிடும்.

கேட்டுக்கு உள்ளே

மீதிப் பாதி தொழிலாளியின் கையில் இல்லை. கேட்டில் செக்யூரிட்டி பையைச் சோதித்துக் கத்தியை வாங்கி வைக்கிறார், அது சரிதான். ஆனால் உள்ளே போனபின் பெட்டியைத் திறக்க என்ன தருகிறார்கள்? பல இடங்களில் கிடைப்பது மலிவான முறிக்கும் கட்டர். பூட்டு தளர்ந்து அலகு ஓடும். முறித்த துண்டைப் போட மூடிய டப்பா இல்லாததால் அது தரையிலோ, பெட்டிக்குள்ளோ, பொருளோடோ போகும். சில இடங்களில் அதுகூட இல்லாமல் சொந்தக் கத்தியைக் கண்டும் காணாமலும் விடுகிறார்கள். கை வெட்டுப்பட்டதும் விசாரணை திரும்புகிற இடம் ஒன்றுதான்: அனுமதியில்லாத கத்தியை ஏன் கொண்டுவந்தாய்? வேலை கொடுத்தவர் கருவி கொடுக்கவில்லை என்ற முதல் உண்மை அதில் மறைந்துபோகிறது.

இதற்கு இன்னொரு மறைப்பும் துணை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால்தான் காயத்தை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த அளவுகோல். நாலு தையல் போட்டு மறுநாளே ஷிஃப்டுக்கு வருகிற கை அந்தக் கணக்கில் வராது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, ஒருநாள் சம்பளம் போனால் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறையும் என்று தையலோடு நிற்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி அந்தக் கணக்கில் வரவே மாட்டார். கணக்கில் வராததால் கட்டரை மாற்றச் செலவிடும் யோசனையும் வருவதில்லை.

மாற்று இருக்கிறது, விலையும் பெரிதல்ல. முதல் வழி, வெட்டும் வேலையையே குறைப்பது: அட்டைப்பெட்டிக்குப் பதில் திரும்ப அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டி, இழுத்தால் கிழியும் நாடா வைத்த பேக்கிங். கார் ஆலைகள் பல உதிரிபாகங்களுக்கு இதைச் செய்கின்றன. சிறு சப்ளையர் வரை அது போக வேண்டும். அடுத்தது, கை எடுத்ததும் அலகு தானே உள்ளே போகும் கட்டர், ஃபிலிமுக்கு அலகு மறைந்திருக்கும் கொக்கிக் கட்டர். இவற்றுக்கு எண் போட்டு, ஷிஃப்ட் தொடங்கும்போது கொடுத்து, முடிவில் எண்ணி வாங்க வேண்டும். வெட்டுத்தாங்கும் கையுறைக்கு இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. அதில் ஏ முதல் எஃப் வரை எழுத்து ஏற ஏறத் தாங்கும் திறன் கூடும். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கையுறை, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறொன்று என்ற பாகுபாட்டுக்கு இடமே இருக்கக் கூடாது. கத்தி இருவர் தோலையும் ஒரே மாதிரிதான் கிழிக்கிறது.

ஆயுத பூஜை நாளில் இந்தத் தடத்தின் ஆலைகளில் பிரஸ்ஸுக்கும் லேத்துக்கும் சந்தனம் வைக்கிறார்கள். கருவியை மதிக்கும் மரபு நமக்கு உண்டு. அந்த மரியாதை கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தோடு நின்றுவிடாமல், கைக்குள் அடங்கும் கட்டருக்கும் அதைப் பிடித்திருக்கும் விரலுக்கும் வந்தால்தான் முழுமை.

தனிமனிதர் செய்ய வேண்டியது சுருக்கமானது: 3 அங்குலத்துக்குக் குறைந்த அலகு, உறுதியான பூட்டு, பட்டன் இல்லாத திறப்பு, துருப்பிடிக்காத எஃகு, மாதம் ஒருமுறை தீட்டல், கேட்டில் கேட்கும்முன் வண்டிப் பெட்டியிலேயே விட்டுவிடுவது. ஆலை செய்ய வேண்டியதும் சுருக்கமானதுதான்: வெட்டச் சொல்கிற ஒவ்வொருவருக்கும் அந்த வேலைக்கு உரிய கருவியைத் தன் செலவில் தருவது, தையல் போட்ட ஒவ்வொரு கையையும் பதிவேட்டில் எழுதுவது. இதைப் பாதுகாப்புக் குழுவிலும் சங்கத்திலும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர் வரும்போது கேட்கலாம்: பெட்டி திறக்கும் கட்டரைக் காட்டச் சொல்லுங்கள், அதை யார் வாங்கியது என்று கேளுங்கள். தொழிலாளி வாங்கியது என்ற பதில் வருகிற ஆலையில், அடுத்த காயத்துக்கு அவரைக் குற்றம் சொல்லும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை.